கோடு போட்ட இடத்தில் ஒரு பெயர்

பதிப்பகத்திலிருந்து போன் வந்தபோது அவள் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் ஓடும்போது கையை எடுக்க முடியாது. மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, விளிம்புக்கே வந்துவிட்டது. விழப்போகிற நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பிடித்து அவள் காதில் வைத்தார்.

"அக்கா, கோட்டுக்குப் பேரு வச்சாச்சா?"

பதிப்பாசிரியர். அவளைவிடப் பத்து வயது சின்னவள். பேச்சில் சர்க்கரை இருக்கும், கெடுவில் இருக்காது.

"இன்னும் ரெண்டு நாள் குடும்மா."

"ரெண்டு இல்ல, மூணே தர்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுக்கு மேல அச்சகத்துல என்னை உள்ளயே விட மாட்டாங்க. இதோட மூணாவது தடவை தள்ளிப் போட்டாச்சு."

"சரி."

"அப்படியே விட்டுடலாமான்னுகூட யோசிச்சேன் அக்கா. ஆனா நூத்திப் பதினேழு இடத்துல வெறும் கோடு இருக்கு. படிக்கிறவங்க அச்சுப் பிழைன்னு நெனச்சிடுவாங்க."

பக்கத்து மேசைக்காரர் போனை அணைத்து அவள் கைப்பையில் போட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். லென்ஸை எத்தனை டிகிரி சாய்த்துப் பொருத்த வேண்டும் என்பதில் அவரை ஏமாற்ற முடியாது. கல்லூரிப் பக்கமே போகாதவருக்கு இந்தப் பட்டப்பெயர் எப்படி என்று யாராவது கேட்டால், "வாங்காமலே வந்த டிகிரி" என்பார். கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரிகளும் வெளிச்சமுமாக இருக்கும். பின்பக்கம் இந்த அறை. இரண்டு மேசை, மூன்று இயந்திரம், தண்ணீரும் கண்ணாடித் தூளும் கலந்த சேறு படிந்த ஒரு தொட்டி. பன்னிரண்டு வருடமாக அவளுக்கு இங்கேதான் வேலை.

நாவலை ஆறு வருடமாக எழுதினாள். காலையில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, சமையலறை மேசையில். ஒரு குடும்பத்தின் கதை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒன்பதாம் நாள், ஸ்கேன் முடிவு வாங்கி வருகிறேன் என்று எழுந்து போன மூத்த மகன் திரும்பி வரவே இல்லை. மிச்சமிருந்த அம்மாவும் தங்கையும் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதுதான் நாவல். கதைக்காகப் பெரிதாக எதையும் அவள் கற்பனை செய்யவில்லை. அவளுடைய அண்ணன் அப்படித்தான் எழுந்து போனான். ஒரு வாரம் கழித்து, 'என்னால முடியல' என்று இரண்டு சொல்லில் ஒரு செய்தி வந்தது. நாற்பத்தொன்றாம் நாள் அப்பா இறந்தார். அண்ணன் அதற்கும் வரவில்லை. பதினோரு வருடம் ஆகிவிட்டது.

நாவலில் மற்ற பதினோரு பேருக்கும் பெயர் வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாயே திறக்காத பெரியப்பாவுக்கு நாவரசு என்று வைத்தாள். அழுமூஞ்சி நர்ஸுக்கு மகிழினி. தங்கைக்கு ஏந்திழை. எல்லாவற்றையும் தாங்கி ஏந்துகிறவள் என்று நினைத்துத்தான் அதை வைத்தாள். நகை அணிந்தவள் என்றுதான் அதற்குப் பொருள் என்று பதிப்பாசிரியர் சொன்ன பிறகு அகராதியைப் புரட்டிப் பார்த்து வெட்கப்பட்டாள். ஆனாலும் மாற்றவில்லை. காதில் ஒரு தோடுகூட இல்லாத பெண்ணுக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூத்தவனுக்கு மட்டும் பெயர் வரவில்லை. முதல் நாள் எழுதும்போது அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று. ஆறு வருடமும் கோடாகவே இருந்தான். கோடு சாப்பிட்டான், கோடு சிரித்தான், கோடு எழுந்து போனான்.

திங்கட்கிழமை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெயர்களை அசைபோட்டாள். முதலில் வந்தவை எல்லாம் வசவுகள். வன்னெஞ்சன். கைவிடுவான். இவற்றை எந்த ரேஷன் கார்டில் எழுதுவார்கள் என்று யோசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பேருந்தில் முன் இருக்கைக்காரர் செல்லில் யாரையோ பெயர் சொல்லி அதட்டினார். அந்தப் பெயரைக் கோட்டின் இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. துணிக்கடைப் பலகை, பள்ளிக்கூட வேனில் எழுதியிருந்த ஓட்டுநர் பெயர், மருந்துக்கடைக்காரரின் மகன் பெயர், ஒன்று விடாமல் வைத்துப் பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

"ஏன் பாப்பா லேட்டு?" என்றாள் அம்மா. மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. அம்மாவுக்கு இன்னும் பாப்பாதான்.

"பஸ்ஸைத் தவற விட்டுட்டேன்."

"ஏறின பஸ்ஸையா, ஏறாத பஸ்ஸையா?"

தட்டில் போட்டதைத் தின்றாள். என்ன தின்றாள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை அகராதியில் 'அகல்' கண்ணில் பட்டது. அகல் என்றால் விளக்கு. அகல் என்றால் விலகிப் போ. அகலன்! அவளுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரே சொல்லில் வெளிச்சமும் இருக்கிறது, விட்டுப் போவதும் இருக்கிறது. வேலைக்குப் போனதும் பின்கதவுக்கு வெளியே நின்று பதிப்பாசிரியரைக் கூப்பிட்டாள்.

பெயரையும் அதன் இரண்டு பொருளையும் சொன்னாள்.

"அழகா இருக்கு அக்கா."

"ஆனா?"

"புத்திசாலித்தனமா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்க வச்ச பேரு. அந்த வீட்டுல யாரும் வச்ச பேரு மாதிரி இல்ல. பொறந்த கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு, இவன் நாளைக்கு நம்மள விட்டுட்டுப் போவான்னு தெரிஞ்சு யாராவது பேரு வைப்பாங்களா?"

"மத்தவங்களுக்கும் நான்தானே வச்சேன்?"

"மத்தவங்க பேருல எனக்கு உறுத்தல. இவன் பேருல மட்டும் உங்க கோவம் தெரியுது."

போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றாள். கோபம் தெரிந்தால் என்ன? கோபப்படத்தானே இந்த நாவல்? உள்ளே வந்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஒரு தட்டை இழுத்தாள், அளவுச் சீட்டைப் பார்த்தாள், லென்ஸை வைத்தாள், ஓட்டினாள். அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. 'யார் வைத்தது, யார் வைத்தது' என்ற கேள்வி இயந்திரத்தின் இரைச்சலோடு சேர்ந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதன் பலன் புதன்கிழமை காலை கடையின் முன்பக்கம் வந்து நின்றது. தையல் வேலை செய்கிற ஒரு அம்மாள். முந்தின நாள் மாலை புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனவர்.

"இதப் போட்டுக்கிட்டு படியில எறங்குனா தரை மேல எழும்பி வருது. ஊசியில நூல் கோக்கலாம்னு பாத்தா ஊசி ரெண்டா தெரியுது. நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சுத் தச்சுட்டேன்!"

டிகிரி அந்தக் கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். வலது கண்ணுக்குரிய லென்ஸ் இடது பக்கம், இடது கண்ணுக்குரியது வலது பக்கம். பன்னிரண்டு வருடத்தில் அவள் செய்யாத தப்பு.

புது லென்ஸ் எடுத்துத் தேய்த்துப் பொருத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மாளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தது டிகிரிதான். அந்த அம்மாள் போன பிறகு அவர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, கதையில ஒருத்தனுக்குப் பேரு தேடுறேன்னு ஊர்ல உள்ளவங்க கண்ணைப் பிடுங்கப் பாக்குறியா?"

"தப்புதான்."

"தப்புன்னு எனக்கும் தெரியுது. எந்திரி. வீட்டுக்குப் போ. மிச்சத் தட்டை நான் பாத்துக்கறேன். பேரு வச்சுட்டு வா, இல்ல வேணாம்னு விட்டுட்டு வா. ரெண்டுல ஒண்ணு முடிஞ்சாத்தான் உன் பக்கத்துல நான் உக்காருவேன்."

வாரநாளில் பகல் பதினொன்றரைக்கு அவள் தன் தெருவைப் பார்த்ததே இல்லை. வெயில் நேராக விழுந்து தெரு வேறு எவருடையதோ போல இருந்தது. மாடிப்படி ஏறி வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ பேசுகிற குரல் இல்லை, படிக்கிற குரல். ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக் கூட்டாத குறையாக.

"'...செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். அப்பாவின் காலருகே போர்வை விலகியிருந்தது. அதைப் பார்த்தான். சரிசெய்யவில்லை. ஸ்கேன் முடிவு வாங்கி வருகிறேன் என்று சொன்னான்...'" அம்மா மூச்சு வாங்கினாள். "அடுத்ததும் கோடு. 'கோடு கதவைச் சாத்தாமலே போனான்.'"

அவள் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அது அவள் நாவல். ஆறாம் அத்தியாயம். திருத்துவதற்காக அச்செடுத்துச் சமையலறை மேசைமேல் வைத்திருந்த கட்டு.

"கேக்குதா? லைன்ல இருக்கியா?" என்றாள் அம்மா.

"இருக்கேன்மா."

போனின் ஒலிபெருக்கியிலிருந்து வந்த அந்தக் குரலைப் பதினோரு வருடம் கழித்துக் கேட்டாலும், அடையாளம் காண அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கொஞ்சம் கரகரத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவைத் திறந்தாள். அம்மா மேசை முன் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் நுனியில் மகள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. முன்னால் காகிதக் கட்டு, அதன்மேல் சாய்த்து வைத்த போன். அம்மா திடுக்கிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"பாப்பா வந்திருக்கா. அப்புறம் பேசறேன்" என்று போனில் சொன்னாள். பிறகு மகளைப் பார்த்து, "பேசறியா?" என்றாள்.

அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்று. அம்மா போனை அணைத்தாள்.

"எவ்வளவு நாளா?"

"நாலு வருஷமா. வாரத்துல ரெண்டு நாள். அவனுக்கு இதுதான் சாப்பாட்டு நேரம்."

"நாலு வருஷமா! நான் வேலைக்குப் போற நேரமாப் பாத்து! நான் ஒருத்தி இங்க எல்லாத்தையும் தூக்கிச் சுமந்துக்கிட்டு, அவன் செத்தானா பொழச்சானான்னு தெரியாம..."

"அவன் சொல்லாதேன்னு சொல்லல. நான்தான் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா நீ இப்படித்தான் நிப்பன்னு தெரியும்."

"அதுலயும் இத ஏன் படிச்சுக் காட்டுற? யாரைக் கேட்டு எடுத்த?"

"மேசையில இருந்துச்சு. படிச்சேன். நல்லா எழுதியிருக்க." அம்மா காகிதங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "அவனுக்கும் தெரியணும்ல, அவன் போன பிறகு இங்க என்ன நடந்துச்சுன்னு? நான் சொன்னா அழுதுடுவேன். நீ எழுதினதப் படிச்சா அழுகை வரல."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டே இருந்தான். ஒண்ணே ஒண்ணு கேட்டான். எல்லாருக்கும் பேரு இருக்கே, எனக்கு மட்டும் ஏன் கோடுன்னு." அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அதத்தான் கேக்கறேன் பாப்பா. நீ திட்டினதெல்லாம் சரி. நடந்ததத்தான் எழுதியிருக்க. ஆனா திட்டுறதுக்காவது ஒரு பேரு வேணாமா? நாலு தெருவுக்கு ஒரு நாய் இருந்தா அதுக்கே பேரு வைக்கிறோம்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே வெளியே போனாள். கைப்பையைக்கூட எடுக்கவில்லை.

எங்கே போவது என்று தெரியாமல் நடந்தாள். அஞ்சலகம், அதன் பின்னால் இரும்புக்கடை, அதைத் தாண்டி ரயில்பாதை ஓரமாகப் போகும் மண்பாதை. ஒரு ரயில் போனது. எதிர்ப்பக்கம் இன்னொன்று போனது. நாலு வருடம்! தான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, போனை எடுத்திருக்கிறாள். இன்றைக்குச் சாப்பாடு சரியில்லையா என்று கேட்டால் அம்மா முகம் கொடுத்துப் பேசாமல் பாத்திரம் தேய்த்த நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அண்ணன் என்ன சொல்லியிருப்பான் அன்றைக்கு? காய்ச்சல் என்றிருப்பானா? ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். மறுபடி நடந்தாள். செருப்பு வார் கடித்துக் குதிகாலில் தோல் உரிந்தது தெரியாமல், வந்த பாதையிலேயே இரண்டு தரம் போய் வந்தாள்.

கோபத்துக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் பிடிவாதமாக மேலே வந்துகொண்டிருந்தது. பதிப்பாசிரியர் கேட்ட கேள்விதான். அண்ணனுக்கு நிஜத்தில் இருந்த பெயர் தாத்தாவின் பெயர், அப்பாவைப் பெற்றவருடையது. அது பரம்பரைச் சொத்து போல இறங்கி வந்த பெயர். அதை யாரும் யோசித்து வைக்கவில்லை. யோசித்திருந்தால்?

வீடு திரும்பும்போது நாலு மணி. அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"அம்மா, அண்ணனுக்குப் பேரு வைக்கிறப்ப உன்னைக் கேட்டாங்களா?"

அம்மாவின் கை ஒரு தலையணை உறையில் நின்றது.

"யாரு கேட்டா? உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வர்றப்பவே பேரை ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுத்தான் வந்தாரு. அவங்கப்பா பேரு. நான் வாயத் திறக்கல."

"உனக்குன்னு ஒரு பேரு தோணலயா?"

"தோணாம என்ன?" அம்மா உறையை மடித்து வைத்தாள். "அவனுக்கு முன்னால ரெண்டு தங்கலைன்னு உனக்குத் தெரியும்ல? ஒண்ணு ஏழு மாசத்துல. ஒண்ணு பொறந்து மூணாம் நாள். இவன் பொறந்ததும் எனக்குத் தூக்கமே வரல. மூச்சு வருதா வருதான்னு மூக்குல கைய வச்சு வச்சுப் பாப்பேன். நாலாம் நாள் விடிஞ்சுது. பையன் இருக்கான். வார்டுல ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. வானிலை அறிக்கை. 'ஓரிரு இடங்களில் மேகமூட்டம், மற்ற இடங்களில் வறண்ட வானிலை நிலவும்'னு சொன்னான். பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சர் இருந்தா. நிலவும்னா என்னங்க டீச்சர்னு கேட்டேன். இருக்கும்மா, போயிடாம அப்படியே தங்கி இருக்கும்னா."

அம்மா சிரித்தாள். அம்மாவுக்குத் தன்மேலேயே சிரிப்பு வரும்போது வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வாள்.

"நிலவன்னு வச்சா என்னன்னு தோணுச்சு. எல்லாரும் நிலான்னு நெனப்பாங்க. நெனச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தங்குறவன். உங்கப்பா சீட்டைக் கொண்டு வர்ற வரைக்கும், மூணு நாள், பால் குடுக்குறப்ப காதுல அப்படித்தான் கூப்பிட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்ட இப்பதான் சொல்றேன்."

அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். தங்குகிறவன் என்று அம்மா காதில் சொன்ன பிள்ளை, அப்பா படுத்த ஒன்பதாம் நாள் கதவைச் சாத்தாமல் போனான். எத்தனை அகராதியைப் புரட்டியும் அவளால் இப்படி ஒரு பெயரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடித்திருந்தாலும் வைக்கத் துணிந்திருக்க மாட்டாள். ரொம்பவும் கொடுமையான கேலியாகத் தெரிந்திருக்கும். அம்மா சொல்லும்போது அதில் கேலியே இல்லை.

"நான் போட்டுக்கவாம்மா?"

அம்மா கடைசித் துணியையும் மடித்து, அடுக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ. ஆனா ஒண்ணு. பேரு வச்சுட்டோமேன்னு அவன நல்லவனாக்கிடாத. அவன் போனது போனதுதான். நான் பெத்தவ, நான் மன்னிச்சுட்டேன். அது என் பாடு. உன் கதையில நீ மன்னிக்கணும்னு இல்ல."

வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். டிகிரிக்குப் போன் செய்து சொன்னபோது, "பேரு கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார். "கெடச்சிருச்சு" என்றாள். "அப்பாடா, ஊரு கண்ணு தப்பிச்சுது" என்று வைத்துவிட்டார்.

ஒரே ஆணையில் எல்லாக் கோடுகளையும் மாற்றிவிடக் கணினிக்குத் தெரியும். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கோடாகப் போய், அந்த வாக்கியத்தைப் படித்து, கையால் அழித்து, கையால் பெயரை இட்டாள். 'கோடு எழுந்து போனான்' என்று ஆறு வருடமாகப் படித்து மரத்துப்போன வாக்கியம், 'நிலவன் எழுந்து போனான்' என்று ஆனதும் அவளால் அடுத்த வரிக்கு நகர முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

சில வாக்கியங்கள் பெயரைத் தாங்கவில்லை. 'கோடு எப்போதுமே தன்னலக்காரன்' என்று ஒன்று. கோடு என்று இருந்தவரை அது உண்மை போல நின்றது. பெயர் வந்ததும் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் அலட்சியமாகச் சொல்வது போல இருந்தது. அதை அடித்தாள். அதைப் போலப் பதினாலு வாக்கியங்களை அடித்தாள். ஆனால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டதையும், விலகிய போர்வையையும், சாத்தாத கதவையும் தொடவில்லை. அவை இப்போது முன்னைவிட மோசமாகக் குத்தின.

மூன்று மணிக்கு இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பி, ஒன்றரைப் பக்கம் புதிதாக எழுதினாள். ஒரு வார்டு, ஒரு ரேடியோ, இரண்டு பிள்ளைகளை இழந்த ஓர் இளம்பெண், மூன்றாவது பிள்ளையின் மூக்கருகே அவள் விரல். நாவலில் அதுவரை அம்மா என்று மட்டும் வந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றித் தான் எதுவுமே எழுதியிருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரம் இருந்திருந்தால் இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருப்பாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். ஆறு மணிக்குப் பதிப்பாசிரியர் கூப்பிட்டாள்.

"நிலவன். நிலாவாக்கா?"

"இல்லம்மா. ரெண்டாம் அத்தியாயம் படி."

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி போன் வந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "உக்காரு, தரை தேயுது" என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

"அக்கா, பக்க எண்ணெல்லாம் மாறிப்போச்சு. அச்சகக்காரர் என்னைத் தலைகீழாக் கட்டித் தொங்க விடுவாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தொங்க விடட்டும்" என்றாள்.

புத்தகம் வந்து ஐந்தாவது வாரம். அம்மா முதல் பக்கத்திலிருந்து மறுபடி போனில் அண்ணனுக்குப் படிக்க ஆரம்பித்திருந்தாள், இந்த முறை அச்சுப் புத்தகத்தை. இப்போது ஒளிவுமறைவு இல்லை. "இன்னிக்கு எட்டாவது முடிச்சோம்" என்று சாப்பிடும்போது சொல்வாள். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் புதனும் வெள்ளியும் பதினொன்றரை ஆனால் அவளுக்குக் கையில் வேலை ஓடாது. சீட்டை இரண்டு தரம் பார்ப்பாள். வலது, இடது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தாள்.

"நான்தான்" என்றது குரல்.

அவள் போனை வைத்துவிடவில்லை.

"புத்தகம் முடிஞ்சுது. அம்மா நேத்து முடிச்சாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்தப் பேரு... எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதே இல்ல."

"எனக்கும் தெரியாது."

"ஒண்ணு சொல்லணும். எழுதினதுல தப்பு சொல்லல. அன்னிக்கு நான் நேரா ஊரை விட்டு ஓடிடல. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன். ஆறு பஸ் போச்சு. எந்திரிச்சு மேல வந்துடலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனச்சேன். ஏழாவது பஸ்ல ஏறிட்டேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியல."

"நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு மெலிதாக வருமென்று அவள் நினைக்கவில்லை. "வண்டி நிறுத்துற எடத்தைப் பாத்த ஜன்னல். அந்தப் பக்கம்தான் வருவேன்னு நெனச்சேன்."

"பஸ் ஸ்டாப் பின்பக்கம்."

"தெரியும். இப்ப தெரியும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கனமான கதவு மூடும் சத்தம். அவன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பதாக அம்மா சமீபத்தில் சொல்லியிருந்தாள்.

"அப்பா அதுக்கப்புறம் முப்பத்திரண்டு நாள் கதவைப் பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றாள். சொல்லக்கூடாது என்று நினைக்கவில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றும் நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"கேட்டேன். அம்மா அத ரெண்டு தடவை படிச்சாங்க. நான்தான் படிக்கச் சொன்னேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் பழையபடி வரவில்லை. பதினோரு வருடமாகப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

"மறுபடி கூப்பிடலாமா?" என்றான்.

அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கூப்பிடு."

"எனக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை."

"அப்ப புதன்கிழமை. ஏழு மணிக்கு. நான் எடுக்கலைன்னா பஸ்ல இருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கூப்பிடு."

"சரி."

"எடுக்கலைன்னு விட்டுடாத."

"விடல" என்றான் அண்ணன்.